ஒரே செடி, இரண்டு தேத்தண்ணி

ஊவாத் தேயிலைக்கு ஒரு காலம் உண்டு. ஜூலையில் தொடங்கி செப்டம்பரில் முடிந்துவிடும். அந்த நாட்களில் பண்டாரவளை, அப்புத்தளை, தெமோதரை, பசறைப் பக்கத்து மலைகளில் எடுத்த கொழுந்தின் தூளில் ஒரு வாசனை ஏறியிருக்கும். சுளுக்குக்குத் தேய்க்கிற தைலத்தின் குளிர்ந்த, சற்றே உறைப்பான வாசனை பூமணத்தோடு கலந்தால் எப்படியோ அப்படி. கொழும்பு ஏலத்தில் வாங்குகிறவர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். ஒக்டோபரில் மழை பிடித்ததும் அது போய்விடும். மலை அதேதான், செடி அதேதான், ஸ்டோரும் டீமேக்கரும்கூட அதேதான்; தேத்தண்ணி மட்டும் வேறு.

செடியின் டிஎன்ஏ மூன்று மாதத்துக்கு மாறி, பிறகு பழையபடி திரும்பியது என்று இதற்கு விளக்கம் சொல்ல முடியாது. டிஎன்ஏ அப்படி மாறுவதில்லை. மலைநாட்டில் பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கி மீள நட்ட மலைகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அங்கே நிற்பவை 'வீபி' செடிகள்: ஒரு தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையும் ஒரு துண்டுத் தண்டுமாக வெட்டி, தவறணையில் வேர்விட வைத்து, கொண்டுபோய் நட்டவை. தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த டிஆர்ஐ 2025 என்ற வகை நட்ட மலையில் பத்தாயிரம் செடி நின்றால், பத்தாயிரத்திலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. அதே வகையைத் திம்புள்ளைப் பக்கத்தில் நட்டால் ஒரு ருசி, ஊவாவில் நட்டால் இன்னொரு ருசி. ஊவாவிலும் மே மாதத்துத் தூளும் ஓகஸ்ட் மாதத்துத் தூளும் ஒன்றாக இருப்பதில்லை.

டிஎன்ஏயைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை உயிரின் தலைவிதி போலவே எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தலையில் எழுதியது எல்லாம் நடந்துவிடுகிறது என்றால் ஊவாத் தேயிலைக்குப் பருவம் என்று ஒன்று இருக்கவே வேண்டியதில்லை. எழுதியிருப்பதில் எதை, எப்போது, எவ்வளவு வாசிப்பது என்பது தனி விஷயம். கலம் தன் நேரத்தில் பெரும்பகுதியை அதற்குத்தான் செலவிடுகிறது.

முதலில் எழுதியிருப்பது எவ்வளவு என்று பார்ப்போம். தேயிலையின் ஒரு கலத்தில் 30 நிறமூர்த்தங்கள். தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக 15 சோடி. 2017இல் சீன ஆய்வாளர்கள் யுன்னான் தேயிலை வகை ஒன்றின் டிஎன்ஏ முழுவதையும் வாசித்து வெளியிட்டார்கள். ஒரு தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்து இருந்தது. மனிதனுடையதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். புரதம் செய்யும் பரம்பரை அலகுகளின் எண்ணிக்கையில் தேயிலை நம்மை வென்றுவிடுகிறது: அதற்குச் சுமார் 37,000, நமக்குச் சுமார் 20,000. இரண்டு தொகுதியையும் முனையோடு முனை சேர்த்து நீட்டினால் இரண்டு மீட்டர் வரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கலத்தின் கருவுக்குள் அது சுருண்டு கிடக்கிறது.

எழுத்து நான்கே நான்கு. அடினின், குவானின், சைற்றோசின், தைமின். வசதிக்காக அ, கு, சை, தை என்று வைத்துக்கொள்வோம். அடினின் எதிரே தைமின்தான் நிற்கும், குவானின் எதிரே சைற்றோசின்தான் நிற்கும். ஆகவே ஓர் இழையைப் பார்த்தே மறு இழையை எழுதிவிடலாம். 1953இல் வாட்சனும் கிரிக்கும் காட்டிய இரட்டைச் சுருளின் அழகு இதில்தான் இருக்கிறது.

இந்த எழுத்துகளால் கலம் செய்வது என்ன? புரதம். புரதம் என்றதும் பருப்பும் முட்டையும் நினைவுக்கு வந்தால் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். கலத்துக்குள் நடக்கும் வேலை எல்லாவற்றுக்கும் கைகாலாக இருப்பவை புரதங்கள். அவற்றில் இரசாயனத் தாக்கங்களை விரைவுபடுத்துபவை நொதியங்கள். தேயிலை ஸ்டோருக்குள் நடப்பதெல்லாம், யந்திரங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், நொதியங்களை எப்போது வேலைக்கு விடுவது, எப்போது நிறுத்துவது என்ற ஏற்பாடுதான்.

பச்சைக் கொழுந்து கறுப்புத் தூளாவது ஒரு நொதியத்தால். ரோலரில் நசுங்கிய இலையைப் பரப்பி வைத்தால் மணித்தியாலக் கணக்கில் அது செம்பு நிறத்துக்கு வரும். புளிக்க வைப்பது என்று சொன்னாலும் அங்கே நுண்ணுயிர்களுக்கு வேலை இல்லை. இலைக்குள்ளேயே இருந்த ஒரு பொருள்தான் ஒட்சிசனைப் பிடித்து இதைச் செய்கிறது. அது என்ன பொருள் என்று அசாமிலும் இலங்கையிலும் 1930களின் கடைசியிலிருந்து தகராறு. தலவாக்கலையில் செயின்ட் கூம்ப்ஸ் தோட்டத்தில் இயங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தில் எச்.பி. ஸ்ரீரங்காச்சார் என்ற வேதியியலாளர் இலங்கைத் தேயிலையின் இந்த மாற்றத்தை ஆராய்ந்து 'பயோகெமிக்கல் ஜர்னல்' இதழில் கட்டுரைகள் எழுதினார். 1943இல், வேலை செய்வது செம்பு கொண்ட ஒரு நொதியம் என்று அவர் வாதிட்டார். இரட்டைச் சுருள் தெரிய வருவதற்குப் பத்து ஆண்டு முந்தைய காலம் அது. ஒரு நொதியத்தை டிஎன்ஏ எப்படிச் செய்கிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாத போது, அந்த நொதியம் எது என்று மலைநாட்டில் ஒருவர் தேடிக்கொண்டிருந்தார். இன்று நாம் அதைப் பொலிபீனோல் ஒட்சிடேசு என்கிறோம்.

இந்த ஒரு நொதியம் செய்யப்படுவதைப் பின்தொடர்ந்து போவோம்.

இதற்கான பரம்பரை அலகு கருவுக்குள் இருக்கிறது. நொதியம் செய்யும் இடமோ கருவுக்கு வெளியே. டிஎன்ஏ வெளியே வருவதில்லை. தோட்டத்துக் கந்தோரில் பேரேடு மேசையை விட்டு நகராது. மலைக்கும் ஸ்டோருக்கும் போவது அதைப் பார்த்து எழுதிய துண்டுதான். வேலை முடிந்ததும் துண்டைக் கிழித்துப் போடலாம், பேரேட்டுக்கு ஒன்றும் ஆகாது. கலத்தின் துண்டுக்குப் பெயர் தூது ஆர்என்ஏ. பரம்பரை அலகின் தொடக்கத்தில் ஒரு நொதியம் வந்து அமர்ந்து, இரட்டை இழையைச் சிறிது தூரம் பிரித்து, ஓர் இழையைப் பார்த்துப் பார்த்து எதிர் எழுத்துகளைக் கோத்துக்கொண்டே போகும். ஆர்என்ஏயில் தைமினுக்குப் பதில் யுராசில் வரும். அதை 'யு' என்போம். தாவரங்களிலும் விலங்குகளிலும் இப்படி எடுத்த பிரதி பல சமயம் அப்படியே போவதில்லை. நடுவில் வேண்டாத பகுதிகளை வெட்டி எறிந்து மீதியை ஒட்டித்தான் கருவிலிருந்து வெளியே அனுப்பப்படும்.

வெளியே அதைப் பிடிப்பது இறைபோசோம். இங்கேதான் மொழி மாறுகிறது. ஆர்என்ஏயில் எழுத்து நான்கு. புரதமோ 20 வகை அமினோ அமிலங்களால் ஆனது. மும்மூன்று எழுத்தாகப் படித்தால் 64 சேர்க்கை கிடைக்கும். அப்படித்தான் படிக்கிறது என்பதும், எந்த மூன்றுக்கு எந்த அமினோ அமிலம் என்பதும் 1960களில் தெளிவாயின. 1961இல் நிரென்பேர்க்கும் மத்தேயும் யுராசில் மட்டுமே கொண்ட ஆர்என்ஏயைக் கொடுத்துப் பார்த்தார்கள். பீனைலலனின் என்ற ஒரே அமினோ அமிலத்தாலான சங்கிலி வந்தது. முதல் சொல் கிடைத்துவிட்டது. மற்றச் சொற்களில் பலவற்றைப் பஞ்சாபின் ராய்ப்பூர்க் கிராமத்தில் பிறந்த ஹர் கோவிந்த் குரானா, தானே விரும்பிய வரிசையில் ஆர்என்ஏ செய்து கண்டுபிடித்தார். 1968இல் நிரென்பேர்க், ஹோலி ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அ-யு-கு என்றால் தொடங்கு. மெதியோனின் என்ற அமினோ அமிலத்துக்கும் அதுவே குறி. யு-அ-அ, யு-அ-கு, யு-கு-அ மூன்றும் நிறுத்து. மீதி எல்லாம் ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கு. அமினோ அமிலங்களைச் சுமந்து வருவது இடமாற்று ஆர்என்ஏ: ஒரு முனையில் அமினோ அமிலம், மறு முனையில் மூன்று எழுத்து. தூது ஆர்என்ஏயின் மூன்று எழுத்தோடு இதன் மூன்று எழுத்து பொருந்தினால் அமினோ அமிலம் சங்கிலியில் சேரும். இறைபோசோம் மூன்று எழுத்து முன்னால் நகரும்.

பொருந்துகிறதா என்று இறைபோசோம் எப்படிப் பார்க்கிறது? இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர்களில் ஒருவர் 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். கேம்பிரிட்ஜில் அவரது குழு 2000ஆம் ஆண்டில் இறைபோசோமின் சிறிய பாதியின் அணு அணுவான அமைப்பை வெளியிட்டது. வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பற்றீரியாவிலிருந்து எடுத்த இறைபோசோம் அது. இறைபோசோம் தன்னுடைய சில எழுத்துகளை வெளியே நீட்டி, சோடி சேர்ந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கிறது என்று தெரிந்தது. முதல் இரண்டு சோடியின் வடிவத்தைக் கண்டிப்பாகப் பார்க்கும்; மூன்றாவதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். 2009இல் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் அவர் நோபல் பரிசு பெற்றார். நம் ஊர்ப் பத்திரிகைகள் அப்போது அவர் பிறந்த ஊரைப் பற்றி எழுதிய அளவுக்கு அந்த மூன்றாவது எழுத்தைப் பற்றி எழுதவில்லை. எனக்கு அதில் இன்னும் குறை உண்டு.

ஏனென்றால் நம் தேயிலை நொதியத்தின் உயிர்நாடியே அந்த இடத்தில் இருக்கிறது. இந்த நொதியம் ஏறத்தாழ 600 அமினோ அமிலங்களின் சங்கிலியாகப் பிறக்கிறது. வினாடிக்கு நாலைந்து என்ற வேகத்தில் ஓர் இறைபோசோம் அதைச் செய்து முடிக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். ஆனால் ஒரே தூது ஆர்என்ஏயில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல இறைபோசோம்கள் ஏறிவிடும். சங்கிலியில் ஆறு இடங்களில் ஹிஸ்ரிடின் என்ற அமினோ அமிலம் வந்தே ஆகவேண்டும். ஹிஸ்ரிடினுக்குக் குறி சை-அ-யு அல்லது சை-அ-சை. மூன்றாவது எழுத்து யு ஆனாலும் சரி, சை ஆனாலும் சரி. முதல் இரண்டில் ஒன்று பிசகினால் வேறு அமினோ அமிலம் வந்து உட்காரும். சங்கிலி மடிந்து தன் உருவத்துக்கு வரும்போது, வரிசையில் தூரத் தூர இருந்த அந்த ஆறு ஹிஸ்ரிடின்களும் நடுவில் ஒன்றுகூடுகின்றன. மூன்று சேர்ந்து ஒரு செப்பு அணுவையும் மற்ற மூன்று இன்னொரு செப்பு அணுவையும் பிடித்துக்கொள்ளும். ஒட்சிசன் வந்து மாட்டுவது அந்த இரண்டு செப்புக்கும் இடையில். ஸ்ரீரங்காச்சார் சொன்ன செம்பு அதுதான்.

செய்து முடித்த சங்கிலிக்கு இன்னும் பயணம் இருக்கிறது. அதன் முன்பகுதியில் சில பத்து அமினோ அமிலங்கள் முகவரியாக எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்துப் பச்சையவுருமணி அந்தச் சங்கிலியைத் தன் உறைகளைத் தாண்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் முகவரி வெட்டப்படும். ஆக, கொழுந்து செடியில் இருக்கும்வரை நொதியம் பச்சையவுருமணிக்குள் அடைந்து கிடக்கிறது. அது தாக்கவேண்டிய கட்டெக்கின்களோ அதே கலத்தின் புன்வெற்றிடத்துக்குள் தனியே கிடக்கின்றன. இரண்டும் சந்திப்பதே இல்லை. ரோலர் உறைகளைக் கிழித்து இரண்டையும் ஒன்றாக்குகிறது. பிரகாசமான பொன்னிறத்தைக் கொடுக்கும் தியாஃபிளேவின்களும், ஆழ்ந்த சிவப்பைக் கொடுக்கும் தியாரூபிகின்களும் அந்தச் சந்திப்பில் பிறக்கின்றன.

நிறத்தின் கதை ஆண்டு முழுக்க இதுதான். ஊவாவின் வாசனைக்குக் காற்று வேண்டும்.

தென்மேல் பருவக்காற்று வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்தில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு நடுமலைத் தொடரைத் தாண்டுகிறது. ஈரம் போய்விட்டது, கீழே இறங்க இறங்க நூறு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு பாகை சூடேறும். பண்டாரவளைக்கு வந்து சேரும்போது அது உலர்ந்த, விடாமல் அடிக்கும் கச்சான். பகலில் வெயிலும் காற்றும், இரவில் குளிர். கொழுந்து மெல்ல ஓடும். கூடையில் கிலோ குறையும். வாசனைத் தூளுக்கு ஏலத்தில் விலை ஏறும் மாதங்களில்தான் கொழுந்தெடுக்கிற பெண்ணுக்கு நிறை சேராமல் போகிறது. விலை வாசனைக்கு, சம்பளக் கணக்கு கிலோவுக்கு. தாவரவியல் இந்த முரணுக்குக் காரணம் சொல்லும், நியாயம் சொல்லாது.

காற்று செடியைத் தொடும்போது டிஎன்ஏ அப்படியேதான் இருக்கிறது. இலையில் நீர் குறைந்ததும் அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஓமோன் கூடுகிறது. நெருக்கடியைப் பொறுத்து ஜாஸ்மோனிக் அமிலமும் சலிசிலிக் அமிலமும் கூடும். இவை தம்மைப் பிடிக்கும் புரதங்களில் போய் ஒட்ட, அங்கிருந்து செய்தி கைமாறிக் கைமாறிக் கருவுக்குள் வந்து சேர்கிறது. ஒவ்வொரு பரம்பரை அலகின் முன்னாலும் புரதம் செய்யாத ஒரு பகுதி உண்டு. படியெடுக்கும் நொதியம் அங்கே அமரலாமா கூடாதா என்று முடிவு செய்யும் புரதங்கள் அந்தப் பகுதியில் வந்து ஒட்டும். மழைக்காலத்தில் அரிதாகப் படியெடுக்கப்பட்ட பரம்பரை அலகு ஒன்றுக்கு இப்போது நிறையப் பிரதி போகிறது. நன்றாக வாசிக்கப்பட்ட வேறொன்று அடங்கிவிடுகிறது. பிரதி கூடினால் நொதியம் கூடும், நொதியம் கூடினால் அது செய்யும் பொருள் கூடும்.

அந்தப் பொருள்களில் ஒன்று மெதைல் சலிசிலேற்று. சலிசிலிக் அமிலத்தின் மேல் ஒரு மெதைல் கூட்டத்தை ஏற்றினால் கிடைப்பது. சுளுக்குத் தைலத்தில் வாசனை தருவதும் இதே மூலக்கூறுதான். தொடக்கத்தில் தைலத்தைச் சொன்னது அதனால்தான். ஊவாப் பருவத் தூளில் இதுவும் லினலோலும் அதன் ஒட்சைட்டுகளும் தூக்கலாக இருக்கும். செடிக்கு இவை வேறு வேலைக்கு உதவும்: மெதைல் சலிசிலேற்று காற்றில் பரவிப் பக்கத்து இலைகளுக்கு எச்சரிக்கை கொடுக்கவல்லது. கொழும்பில் அது விலையாகிறது என்று செடிக்குத் தெரியாது.

மலையில் நின்று முகர்ந்தால் இந்த வாசனை பெரிதாக வராது. செடி பெரும்பங்கை இரண்டு வெல்ல மூலக்கூறுகளோடு கட்டி வைத்திருக்கிறது. கட்டியிருக்கும்வரை மணம் இல்லை. கட்டை அறுப்பது பிரைமவரோசிடேசு என்ற இன்னொரு நொதியம். அது கலச்சுவர்ப் பக்கம் இருக்கும். இலை நசுங்கும்போதுதான் சரக்கைச் சென்றடையும். நிறத்துக்கு இருந்த அதே ஏற்பாடு: வெட்டுக்கத்தி ஓரிடம், வெட்டவேண்டியது வேறிடம்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு விஷயம், பறித்த கொழுந்து உயிரோடு இருக்கிறது என்பது. மடுவத்தில் நிறுத்து ஸ்டோருக்கு வந்து, மாடியில் வாட்டும் தட்டில் பரப்பிய பிறகும் 12, 16 மணித்தியாலம் கலங்கள் மூச்சு விடுகின்றன, டிஎன்ஏயை வாசிக்கின்றன. கீழிருந்து காற்று ஊத, இலை நீரை இழக்கிறது. செடியிலிருந்து அறுபட்டதும் நீர் குறைவதும் அதற்குப் பெரிய நெருக்கடி. கச்சானில் நடந்தது இன்னும் வேகமாக, ஒரே இரவுக்குள் நடக்கிறது. வாடும் இலையின் ஆர்என்ஏயை எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், வாசனைப் பொருள் செய்யும் பரம்பரை அலகுகள் பல கூடுதலாக வாசிக்கப்படுவது தெரிந்திருக்கிறது. மறுபுறம் பழைய புரதங்கள் உடைந்து அமினோ அமிலங்களாகின்றன. அதுவும் ருசிக்குப் போகும். டீமேக்கர் இலையைக் கையில் அள்ளிப் பிடித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் வாடட்டும் என்று சொல்லும்போது அந்தக் கலங்களுக்கு இன்னும் சில மணித்தியாலம் வாசிக்க அவகாசம் கொடுக்கிறார். மூலக்கூற்று உயிரியல் என்று அவர் அதைச் சொல்லமாட்டார். பருவத்தில் நன்றாக வாட்டி, குறைந்த நேரமே புளிக்க வைப்பது ஊவா வழக்கம். நிறத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து மணத்தைக் காப்பாற்றுவது.

கடைசியில் அடுப்பு. நூறு பாகையை ஒட்டிய சூட்டுக்காற்று பட்டதும் புரதச் சங்கிலி மடிப்புக் கலைகிறது. அமினோ அமிலங்களின் வரிசை அறுபடவில்லை. ஆறு ஹிஸ்ரிடினும் இருக்கின்றன, ஆனால் ஒன்றுகூடி நிற்கவில்லை. செம்பைப் பிடிக்க ஆளில்லை. நொதியம் நின்றது. பச்சைத் தேயிலை செய்கிறவர்கள் இதே சூட்டைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள். அதனால் அந்த இலை கறுப்பதே இல்லை.

டிஎன்ஏ அவ்வளவு எளிதில் போய்விடாது. துண்டு துண்டாக உடைந்தாலும் கடையில் வாங்கும் தூளில் அது கிடக்கிறது. 2011இல் நியூயோர்க்கில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலர் ஆய்வாளர்களோடு சேர்ந்து கடைத் தேயிலைப் பொட்டலங்களிலிருந்து டிஎன்ஏ எடுத்து, உள்ளே என்ன செடி இருக்கிறது என்று பார்த்தார்கள். மூலிகைத் தேநீர்ப் பொட்டலங்கள் சிலவற்றில் மேலட்டையில் எழுதாத செடிகளும் வெளிவந்தன. பண்டாரவளைத் தூளையும் அப்படிச் சோதிக்கலாம். செடி எது என்று சொல்லிவிடும். கச்சான் அடித்த ஓகஸ்டில் பறித்ததா, மழை பெய்த நவம்பரில் பறித்ததா என்று கேட்டால் அந்த எழுத்துகளில் பதில் இருக்காது. அதற்குக் கொழும்பில் ஏலத்துக்கு முன் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, கரண்டியால் உறிஞ்சித் துப்பிக்கொண்டு போகிறவரிடம்தான் கேட்கவேண்டும்.